பாதி விலைப் பூதலிங்கம்

வாஷிங் மெஷினைப் பார்க்க வந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது எப்படித் துவைக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை இல்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

"நெசமாவே பாதி விலைக்கா?"

"பாதி விலைக்கேதான்" என்பார் பூதலிங்கம். சொல்லிவிட்டு, நல்ல மார்க்கு வாங்கிய பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல மெஷினின் மூடியை ஒரு தடவு தடவுவார்.

பூதலிங்கம் தம்பானூரில் ஒரு பார்சல் கம்பெனியில் கிளார்க். கரமனையில் வாடகை வீடு. மனைவி முத்தாரம்மாள் தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். வாஷிங் மெஷின் வேண்டும் என்று அவள் கேட்க ஆரம்பித்த பிறகு நாலு ஓணம் வந்து போயிருந்தது. ஒவ்வொரு ஓணத்துக்கும் பூதலிங்கம் தன் கொள்கையை எடுத்துச் சொல்லி அவள் வாயை அடைத்துவிடுவார்.

"ஓணத்துக்கு முன்னாலே எல்லாவன் பாக்கெட்டிலேயும் போனஸ் இருக்கும். கடைக்காரன் நம்மளை ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். ஓணம் முடிஞ்சு கடைசி நாள் சதயமும் கழியட்டும். ஈ ஓட்டிக்கிட்டு இருப்பான். அப்பம் போய் நின்னா, மிஞ்சின சரக்கைத் தள்ளிவிட நம்ம காலைப் பிடிப்பான்."

சதயம் கழிந்ததும் கடை கடையாகப் போவார். தள்ளுபடி போர்டுகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். கடைக்காரர்கள் எவ்வளவு குறைத்தாலும், பாதி விலைக்கு மேல் கிடையாது என்று நிற்பார். யாரும் காலைப் பிடித்ததில்லை. முத்தாரம்மாள் துவைகல்லுக்கே திரும்பிப் போவாள்.

இந்த வருஷந்தான் அதிசயம் நடந்தது. "ஆரியசாலையிலே நயினார் கடைன்னு ஒண்ணு இருக்காம், அங்கேயும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்களேன்" என்றாள் முத்தாரம்மாள். போனார். நயினார் திருநெல்வேலிக்காரர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய வயிறு. பூதலிங்கம் பாதி விலை கேட்டார். நயினார் கூரையைப் பார்த்தார். பூதலிங்கம் பேசாமல் திரும்பி வாசலை நோக்கி நடந்தார். செருப்பை மாட்டக்கூட இல்லை, பின்னால் குரல் வந்துவிட்டது.

"சரி சார், எடுத்துட்டுப் போங்க!"

அன்றிலிருந்து பூதலிங்கம் ஒரு சாஸ்திரமே கண்டுபிடித்துவிட்டார். "பேரம் பேசுறது வாயாலே இல்லை. முதுகாலே. வியாபாரிக்கு நம்ம முகத்தைக் கண்டா பயம் கிடையாது. முதுகைக் கண்டாத்தான் பயம்."

இந்தப் பேச்சு கரமனையோடு நின்றிருக்கலாம். ஆபீசுக்கும் கொண்டு போனார்.

மறுநாள் மேனேஜர் சத்தியதாஸ் அவரைத் தன் அறைக்குள் அழைத்தார். சத்தியதாஸ் சிரித்தால் யாருக்கோ வேலை அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். அன்றைக்கு வாய் நிறையச் சிரித்து, மலையாளம் கலந்த தமிழில் ஆரம்பித்தார்.

"எடோ பூதலிங்கம், பாதி விலையில் மெஷின் வாங்கினாயாமே! என் மகள் அனுஷா பிரசவத்துக்கு வருகிறாள். ஒரு ஃப்ரிட்ஜ் வேணும். பாதி விலை மதி, அதுக்கு மேலே வேண்டா, கேட்டோ?"

"சார், அது சும்மா ஒரு அதிர்ஷ்டம்..."

"அதிர்ஷ்டமா? முதுகு வித்தைன்னல்லவா சொன்னாய்?" மேனேஜர் மேஜை மேல் ஒரு காகிதத்தை நகர்த்தி வைத்தார். "பின்னே, பாலக்காட்டுக் கிளைக்கு ஒரு ஆள் கேட்கிறார்கள். யாரை அனுப்புவதுன்னு நான் ஆலோசிக்கிறேன்."

பூதலிங்கத்துக்குப் பாலக்காட்டில் ஒரு மனிதரையும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. சாயங்காலமே ஆரியசாலைக்கு ஓடினார்.

"பாதி விலைக்கு ஃப்ரிட்ஜா?" நயினார் வயிறு குலுங்கச் சிரித்தார். "கூடவே கடையையும் எழுதித் தரட்டுமா சார்?"

"அண்ணாச்சி, மிஞ்சின சரக்குதானே? ஓணம் முடிஞ்சாச்சு."

"அதான் விலையைக் குறைச்சுப் போர்டு போட்டிருக்கேனே. அதுக்குக் கீழே ஒரு காசு இறங்க மாட்டேன்."

பூதலிங்கம் தன் ஆயுதத்தை எடுத்தார். திரும்பினார். நடந்தார். செருப்பை மாட்டினார். குரல் வரவில்லை. செருப்பைக் கழற்றி, தூசி தட்டி, மறுபடி மாட்டினார். வரவில்லை. தெருவில் இறங்கி, மிளகு மண்டியைத் தாண்டி, வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்த இடம்வரை மெல்ல நடந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சுமைதூக்கும் ஒருவர் "சாரே, வழி விடுங்க" என்று கத்தியதுதான் மிச்சம்.

குடையை மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்.

"குடை உங்க கையிலே இருக்கே சார்" என்றார் நயினார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு வாஷிங் மெஷினை மட்டும் கொடுத்தீங்களே!"

நயினார் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டார். "அது... அன்னைக்கு ஏதோ மனசு இளகிப்போச்சு. தினம் இளகினா கடை தாங்குமா?"

பூதலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். பாலக்காடு கண்ணில் தெரிந்தது. ஸ்கூட்டர் வாங்குவதற்கென்று அவர் மூன்று வருஷமாக பஸ்ஸில் தொங்கிச் சேர்த்த பணமும் நினைவுக்கு வந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு காரியம் செய்வோம். மேனேஜர் பாதியைத் தருவார். மிச்சத்தை நான் முன்கூட்டியே கட்டிடுதேன். வெளியே மூச்சு விடப்பிடாது."

அவர் எதிர்பார்த்ததுபோல நயினார் ஆச்சரியப்படவில்லை. மீசையை மட்டும் நீவினார். "தாராளமாச் செய்யலாம். இந்தக் கடையிலே சொன்னது வெளியே போகாது சார்."

தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டு பூதலிங்கம் மறுநாளே மிச்சத்தைக் கட்டினார். "சார், சனிக்கிழமை ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வந்துடும்" என்று மேனேஜரிடம் நிமிர்ந்து நின்று சொன்னார்.

"வீட்டுக்கு வரவா? அது முடியாது!" மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "எனக்கு அந்த வித்தையைக் காணணும். சனிக்கிழமை நானும் வரேன்."

மறுபடி ஆரியசாலை. இப்போது நயினாருக்கு ஒத்திகை நடத்த வேண்டியதாயிற்று.

"நான் கோபப்படணுமா, அழணுமா?" என்று கேட்டார் நயினார்.

"ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி. யோசிக்கிற மாதிரி நின்னு, நான் வாசலுக்குப் போனதும் 'எடுத்துட்டுப் போங்க'ன்னு சொன்னாப் போதும்."

"சின்ன வயசிலே எங்க ஊர்க் கோயில் கொடையிலே நாடகம் போட்டிருக்கேன் சார். ஒரே ஒரு வசனமாவது கூடக் கொடுங்க" என்று கெஞ்சினார் நயினார். வேண்டவே வேண்டாம் என்று பூதலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார்.

சனிக்கிழமை மேனேஜர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார். பூதலிங்கம் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து மூடி, தலையை ஆட்டி, பாதி விலை சொன்னார்.

நயினார் நெற்றியில் அறைந்துகொண்டார். "பாதி விலையா! என் பெஞ்சாதி பிள்ளைகள் நடுத்தெருவிலே நிக்கணுமா? நான் இன்னும் எத்தனை அடிதான் தாங்குவேன்!" என்று தொடங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். மிக்ஸி பார்க்க வந்த ஒரு பெண்மணி பயந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

பூதலிங்கம் முதுகைக் காட்டி நடந்தார்.

"எடுத்துட்டுப் போங்க சார்!" நயினாரின் குரல் உடைந்து கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது.

மேனேஜர் கைதட்டினார். அத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கை நமைச்சல் எடுத்துவிட்டது.

"இனி நான் ஒண்ணு நோக்கட்டே" என்று முன்னால் வந்தார். "பாதி வேண்டா. கால் விலை!"

நயினாருக்கு வசனம் மறந்துபோயிற்று. அவர் பூதலிங்கத்தைப் பார்த்தார்.

"சார், போதும் சார், பாவம், மனுஷன் இப்பவே நெஞ்சைப் பிடிக்காரு..." என்றார் பூதலிங்கம்.

"நீ மிண்டாதே!" என்று கையமர்த்தினார் மேனேஜர். பிறகு கம்பீரமாகத் திரும்பினார். அவருடைய அகன்ற முதுகு வாசலை நோக்கி நகர்ந்தது. "வேற கடை இருக்கு. இல்லைன்னா பூதலிங்கம் பாலக்காட்டிலிருந்து வாங்கி அனுப்பட்டும்."

மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் நயினார் புருவத்தை உயர்த்தினார். பூதலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். ஸ்கூட்டரின் இஞ்சின் போயிற்று.

"எடுத்துட்டுப் போங்க சார்!"

மேனேஜரின் முகம் பரீட்சையில் பாஸான முகமாக மாறியது. "அப்போ ஒரு மிக்ஸியும் கூட. சும்மா!" திரும்பி முதுகைக் காட்டினார்.

புருவம். தலையசைப்பு. முன்சக்கரம் போயிற்று.

"ஒரு இஸ்திரிப் பெட்டி!"

பின்சக்கரம்.

"குழந்தை பிறக்கும் வீடல்லவா, ஒரு டேபிள் ஃபேன்!"

இந்தத் தடவை மேனேஜர் முதுகைக்கூடக் காட்டவில்லை. தோளை லேசாகத் திருப்பினார். அவ்வளவுதான். ஸ்கூட்டரில் ஹாரன் மட்டும் மிஞ்சியது.

"எந்தொரு எளுப்பம்! இவ்வளவு சுலபமா!" மேனேஜர் பூதலிங்கத்தின் தோளில் தட்டினார். "இதுக்கா நீ இத்தனை பெருமை பேசினாய்? அடுத்த சனிக்கிழமை என் மச்சினனைக் கூட்டிட்டு வரேன். அவனுக்கு ஒரு கலர் டி.வி. வேணும். நீயும் வந்து சும்மா நில்லு, அது மதி."

பூதலிங்கம் வீட்டுக்கு நடந்தே வந்தார். முத்தாரம்மாள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, மேனேஜருக்கும் பாதி விலைக்கு முடிச்சுக் கொடுத்தீங்களா?"

"கால் விலைக்கு."

"அடேயப்பா! உங்க சாமர்த்தியம் யாருக்கு வரும்?" அவள் குனிந்து நூலைக் கோக்க ஆரம்பித்தாள். நூல் வெகுநேரம் ஊசிக்குள் போகவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார் பூதலிங்கம். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சாப்பிட இலை போட்டபோது அவள் வழக்கத்தைவிடக் கூட ஒரு அப்பளம் வைத்தாள். சொல்ல மனசு வரவில்லை.

திங்கட்கிழமை, மிஞ்சியிருந்த பணத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நயினார் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். கடையில் சாமான் ஏற்றி இறக்கும் ராஜையன், மேனேஜர் வீட்டுக்குப் போகவேண்டிய ஃப்ரிட்ஜைக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அடுத்த சனிக்கிழமை நீங்க கடையைத் திறக்கப்பிடாது. திருச்செந்தூருக்குப் போயிருங்க."

"சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுட்டா? அதுக்கு ஒரு விலை ஆகுமே சார்."

பூதலிங்கம் காலிப் பையை உதறிக் காட்டினார். "அப்பம் நானே பாலக்காட்டுக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருதேன். அதுதான் மலிவு."

நயினாருக்கே பாவமாகிவிட்டது. டீ வரவழைத்தார். டீயைக் குடித்ததும் பூதலிங்கத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போகட்டும் அண்ணாச்சி. ஃப்ரிட்ஜ்லே நான் தோத்தேன், ஒத்துக்கிடுதேன். ஆனா வாஷிங் மெஷின்? அது என் முதுகுக்குக் கிடைச்ச வெற்றி. அதை எவனாலேயும் பிடுங்க முடியாது. என்ன?"

நயினார் அவசரமாக ராஜையனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ராஜையன் கயிற்று முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. முடிச்சை விட்டுவிட்டு வாயெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"சாருக்கும் வீட்டம்மாவுக்கும் நல்ல பொருத்தம் கேட்டேளா! அந்த வாஷிங் மெஷினுக்கும், நீங்க வர்றதுக்கு முந்தின நாளே அவங்க வந்து இதே ஸ்டூல்லே இருந்து, 'அவரு பாதி விலைதான் கேப்பாரு, முதுகைக் காட்டினதும் கொடுத்திருங்க'ன்னு சொல்லி மிச்சத்தைக் கட்டிட்டுத்தானே போனாங்க!"