முள்ளம்பன்றியின் வண்டிக்கு எந்த பேட்டரி?

ஒரு காட்டில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு விடியற்காலையில், ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சுற்றி நின்றவர்கள்: வண்டிக்குச் சொந்தமான முள்ளம்பன்றி சடையன், அதன் மனைவி வெள்ளச்சி, யானைப் பெரியாத்தா, கரடி கருத்தப்பாண்டி, குரங்கு மூக்காண்டி, எருமை மந்தையம்மாள், மலையணில் செவத்தாள், ஒரு நரி, ஒரு மரநாய், ஒரு உடும்பு. ஆகப் பத்துப் பேர். நரி பாதியில்தான் வந்தது. இருந்தாலும் முழு ஆளாகவே சேர்த்திருக்கிறேன். கிளையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கொக்கைச் சேர்க்கவில்லை. அது வழிப்போக்கன்.

சடையனுக்குத் தொழில் தேன் வண்டி ஓட்டுவது. கருத்தப்பாண்டி மேல்காட்டில் எடுக்கும் தேனைக் குடுவைகளில் அடைத்து, கீழ்க்காட்டுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். மூடுபனி கலைவதற்குள் போய்ச் சேர வேண்டும். பனி கலைந்தால் கீழ்க்காட்டுத் தேனீக்கள் விழித்துக்கொள்ளும். இது யார் வீட்டுத் தேன் என்று குடுவை குடுவையாக விசாரிக்கும். கடை நடத்தும் காட்டுப்பன்றி கொம்பையாவுக்கு அந்த விசாரணை பிடிக்காது. இனி ஒரு தடவை பனி கலைந்த பிறகு வந்தால், வேலை அடுத்த பள்ளத்தாக்குச் செந்நாய்க்குப் போய்விடும் என்று அது சொல்லிவிட்டது. செந்நாயிடம் மூன்று சக்கர வண்டி இருந்தது.

சடையனுக்கு வேறு தொழில் தெரியாது. பின்சீட்டில் ஆள் ஏற்றிப் பிழைக்கலாம் என்றால், அதன் முதுகைப் பார்த்தவர்கள் யாரும் ஏறுவதில்லை.

அன்று பட்டனை அமுக்கியபோது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. கிக்கரை மிதிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போன வருஷம் பெரியாத்தா உதவிக்கு வந்து கிக்கரை ஒரு மிதி மிதித்தது. அதோடு கிக்கர் இல்லை.

எனவே சடையன் வண்டியில் உட்கார, மற்றவர்கள் தள்ளினார்கள். கரடி வரும்போதே கையில் குடுவைகளோடு வந்தது. எப்படியும் வரும் வழிதானே. தள்ளுவதற்கு முன்னால் ஆளுக்கொரு குடுவையைப் பெட்டியில் எடுத்து வைத்தார்கள். குடுவைகள் மோதாமல் நரி இடையில் வாழைச்சருகு செருகியது. பெரியாத்தா தும்பிக்கை நுனியால் மட்டும் தள்ளியது. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பனி கலைவதற்குள் தேன் கடைக்குப் போய்விட்டது.

சாயங்காலம் புது பேட்டரி வாங்குவது பற்றிப் பேச்சு வந்தது. அந்தக் காட்டில் பேட்டரி விற்பவர்கள் இரண்டு பேர். மந்தையம்மாள் ஈய பேட்டரி விற்றது. செவத்தாள் லித்தியம் விற்றது.

மந்தையம்மாள் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னது: ஈய பேட்டரி கனம்தான். அவ்வப்போது மூடியைத் திறந்து பார்த்து, பேட்டரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். வண்டியை எடுக்காமல் வைத்திருந்தால் தானாக இறங்கிவிடும். ஆனால் விலை குறைவு. சாகும் முன் நாலு நாள் முனகிக் காட்டிவிட்டுத்தான் சாகும்.

செவத்தாளும் ஒளிக்கவில்லை. லித்தியம் விலை அதிகம், உழைப்பும் அதிகம். தண்ணீர் கேட்காது. சும்மா கிடந்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காது. ஈய பேட்டரிக்கான பழைய சார்ஜரை இதில் மாட்டக் கூடாது. குளிர்காலத்தில் மட்டும் ஒரு பழக்கம் வேண்டும்: காலையில் முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட வேண்டும். பேட்டரி உள்ளே சூடேறும். பிறகு பட்டனை அமுக்க வேண்டும்.

விற்கிற இரண்டு பேரும் சொல்லியாயிற்று, ஓட்டுகிறவர் முடிவு செய்யட்டும் என்று வெள்ளச்சி சொன்னது. ஆனால் சடையன் மரியாதை தெரிந்த பிராணி. அது வண்டி ஓட்டாத எல்லாரையும் கேட்டது.

கனமான பொருளில்தான் சரக்கு இருக்கும் என்று பெரியாத்தா சொன்னது. தன் உடம்பை வைத்தே சொன்னதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஈய பேட்டரி வாங்கினார்கள்.

மந்தையம்மாள் பேட்டரியோடு ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தது. காய்ச்சி வடித்த தண்ணீர். இதைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்று சொன்னது. அது போனதும் பெரியாத்தா பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தது. துப்பியது.

"இதுல ஒரு ருசியும் இல்லையே. சத்தில்லாத தண்ணியைக் குடிச்சிட்டு அது எப்படி வண்டி இழுக்கும்?" என்றது.

அந்தக் காட்டுக்கு ஊற்றுத் தண்ணீரில் பெருமை அதிகம். விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். மறுநாளிலிருந்து காலையில் வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வாய் ஊற்றுத் தண்ணீரை பேட்டரிக்கும் ஊற்றினார்கள். ஒரு வாரத்தில் பேட்டரி முனக ஆரம்பித்தது. அது களைத்துப் போயிருக்கிறது என்று கரடி மனம் இளகி, யாருக்கும் தெரியாமல் ஒரு சொட்டுத் தேன் விட்டது.

கார்த்திகை பிறப்பதற்குள் வண்டி மறுபடியும் 'டிக்' என்றது. மந்தையம்மாள் வந்து பார்த்தது. மூடியைச் சுற்றி எறும்பு வரிசை.

"நானும் எத்தனையோ பேட்டரி பார்த்திருக்கேன். எறும்பு ஏறின பேட்டரியை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. தங்கள் யோசனை பேட்டரியைக் கொன்றுவிட்டது என்று தெரிந்தவர்கள் மறுநாள் வெட்கத்தோடு வந்து தள்ளினார்கள். தங்கள் யோசனையைக் கேட்கவில்லை என்பவர்கள், அதைச் சொல்லிக் காட்டுவதற்காக வந்து தள்ளினார்கள். ஆக ஒருவர்கூடக் குறையவில்லை. உடும்பு எந்த யோசனையும் சொன்னதில்லை. மற்றவர்கள் வந்ததால் அதுவும் வந்தது. குடுவைகள் ஏறின. தேன் நேரத்துக்குப் போனது.

கார்த்திகை முழுக்கத் தள்ளித்தான் வண்டி ஓடியது. அடுத்து லித்தியம். செவத்தாள் அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மரத்திலிருந்து இறங்கியபோதே கூட்டத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே ஏதாவது வைத்திருக்கிறார்களா, பிரித்துப் பார்க்கலாமா என்று நரி கேட்டது. செவத்தாள் வண்டியின் சார்ஜிங் சரியாக வருகிறதா என்று சோதித்துவிட்டு, பேட்டரியை மாட்டியது. ஹெட்லைட் விஷயத்தை மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டுப் போனது.

மார்கழி வந்தது. மேல்காட்டில் மார்கழிக் குளிர் முள்ளுக்குள்ளேயும் புகும். செவத்தாள் சொன்னபடி சடையன் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுக் காத்து நின்றது. மூக்காண்டி மரத்திலிருந்து தொப்பென்று குதித்து லைட்டை அணைத்தது.

"என்ன மாமா, லைட்டைப் போட்டுட்டு வேடிக்கை பார்க்கிறீங்க. பேட்டரி தீர்ந்து போயிடாதா?"

அந்தக் காட்டில் பிறந்தவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான்: ஸ்டார்ட் பண்ணும் முன் லைட்டை அணை. மூக்காண்டிக்கு வண்டி இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் உண்டு. குளிர்ந்த பேட்டரியில் சடையன் பட்டனை அமுக்கியது. வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. எல்லாரும் ஓடி வந்து குடுவை ஏற்றினார்கள், தள்ளினார்கள். அப்போதே சொன்னேனே என்று பெரியாத்தா சொல்லிக்கொண்டே தள்ளியது. மந்தையம்மாளின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. தினமும் இப்படியே நடந்தது. சடையன் லைட்டைப் போடும், மூக்காண்டி அணைக்கும். தான் மட்டும் இல்லையென்றால் அந்த பேட்டரி என்றோ போயிருக்கும் என்று மூக்காண்டி எல்லாரிடமும் சொன்னது.

ஒருநாள் மூக்காண்டிக்கு ஜலதோஷம். அது இறங்கி வரவில்லை. லைட் எரிந்தது. சடையன் நின்று பார்த்துவிட்டுப் பட்டனைத் தொட்டது. வண்டி ஒரே தொடுதலில் ஸ்டார்ட் ஆனது. சடையனுக்கு முதுகு முள் அத்தனையும் சந்தோஷத்தில் நிமிர்ந்தன.

பிறகு அது திரும்பிப் பார்த்தது. யாரும் வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டவர்கள், சரி கிளம்பிவிட்டது என்று புரண்டு படுத்துக்கொண்டார்கள். குடுவைகள் கரடியின் பாறையிலேயே இருந்தன.

சடையன் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கூப்பிட்டது. கரடிக்கு இடுப்பு வலி. நரிக்கும் மரநாய்க்கும் இடுப்பு வலி. உடும்பு, எல்லாருக்கும் இடுப்பு வலியாமே என்று கேட்டுவிட்டுத் தனக்கும் என்றது. மூக்காண்டி மட்டும் கிளையிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளதைச் சொன்னது.

"அதான் வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சே மாமா. அப்புறம் நாங்க எதுக்கு?"

சடையனும் வெள்ளச்சியும் குடுவைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து இறக்கினார்கள். சருகு செருகினார்கள். கீழே வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. சடையன் கீழ்க்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பனி எல்லா இடத்திலும் கலைந்து, கடைக்கூரை மேல் ஒரே ஒரு துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. செந்நாய் தன் மூன்று சக்கர வண்டியோடு கடை வாசலில் வந்து நின்றிருந்தது. கொம்பையா கூரையைப் பார்த்தது. பிறகு சடையனைப் பார்த்தது.

"அந்தத் துண்டு இருக்கு. அதனால இன்னிக்கு இறக்கு" என்றது.

சடையன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தது. பேட்டரி பழுதாக இருந்தவரை ஒருநாள் கூடத் தாமதம் இல்லை. பேட்டரி சரியானதும் பிழைப்பே போகப் பார்த்தது. இது என்ன கணக்கு என்று அது கேட்டது.

வெள்ளச்சி கிழங்கை உரித்துக்கொண்டே பதில் சொன்னது.

"ஏங்க, இந்தக் காட்டுல சுமை தூக்கக் கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்க. உங்க பேட்டரி மட்டம்னு சொல்லக் கூப்பிட்டா எல்லாரும் வருவாங்க. நாளைக்கு லைட்டை நீங்களே அணைச்சிடுங்க."

மறுநாள் சடையன் லைட்டைப் போடவேயில்லை. குளிர்ந்த பட்டனை அமுக்கியது. வண்டி இருமியது. கதவுகள் திறந்தன. இடுப்பு வலி ஒன்றுகூட மிச்சமில்லை. கரடி குடுவைகளோடு ஓடி வந்தது. நேற்று என்னமோ தவறிப்போய் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்று நரி விளக்கியது. அடுத்த தடவை எந்த பேட்டரி வாங்கலாம் என்று சடையன் பணிவாகக் கேட்டது. எல்லாரும் யோசனை சொல்லிக்கொண்டே தள்ளினார்கள். அன்று கடைக்குப் போனபோது பனி வாசல்வரை இருந்தது. கொம்பையாவுக்கே இன்னும் சரியாக விடியவில்லை.

செவத்தாளுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. ஒருநாள் தனியாக வந்து, "அண்ணே, நல்ல பொருளைக் கொடுத்துட்டு நான் கெட்ட பேர் வாங்கணுமா?" என்று கேட்டது. சடையன் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தது. திரும்பி வரும்போது வண்டி கீழ்க்காட்டு வெயிலில் ஒரே தொடுதலில்தான் ஸ்டார்ட் ஆகும். தினமும் முதலில் வருகிற வண்டியில் என்ன பேட்டரி என்று அங்கே கேட்கிறார்கள். செவத்தாளுடையது என்று சடையன் அங்கே சொல்லும். அதன் பிறகு கீழ்க்காடு முழுக்க லித்தியம் விற்றது. மேல்காடு முழுக்க, சடையன் படும் பாட்டைப் பார்த்தவர்கள், மந்தையம்மாளிடம் ஈயம் வாங்கினார்கள். இரண்டு கடையும் நன்றாக நடக்கின்றன. செந்நாய் இப்போது வேறு கடைக்கு உப்பு ஏற்றுகிறது.

நீதி: நல்ல பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள், வாங்கியது நல்ல பேட்டரி என்பதை மட்டும் அக்கம்பக்கத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள்.

ஐப்பசியில் நின்ற பத்துப் பேரில் உண்மை தெரிந்தவர்கள் சடையன், வெள்ளச்சி, செவத்தாள் என மூன்று பேர். கொக்குக்கும் தெரியும், ஆனால் அது கணக்கில் இல்லை. நாளைக் காலையும் தள்ள வருகிறவர்கள், மீதி ஏழு பேர்.