கோவிந்தசாமியின் இடது கண்

கண்ணைப் பார்த்தே பிழைப்பவனுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளைத் தெரியாது. இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை, வாக்குமூலமாகச் சொல்கிறேன். சென்னையில் மூன்று பேர் முன்னால் அசிங்கப்பட்டுத் தெரிந்துகொண்டது இது.

இரண்டாயிரமாவது வருஷம் தாண்டிய புதிது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கண் பரிசோதனை நிலையம் வைத்திருந்தேன். நாலு வருஷம் ஆப்டோமெட்ரி படித்தவன் நான். ஆனால் அரியலூரில் இருந்த என் மாமனார் யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், "பெரிய மாப்ள சிமெண்ட் பேக்டரில இன்ஜினியர். சின்னவரு கண்ணாடிக்கடை வச்சிருக்காரு" என்பார். அந்தக் 'கடை' வரும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். (அப்படி இருக்கட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ.)

எங்கள் தொழிலுக்கென்று ஒரு அகாடமி உண்டு. சந்தா கட்டினால் உறுப்பினர் ஆகிவிடலாம். ஆனால் 'ஃபெல்லோ' ஆக வேண்டுமென்றால், நாமே பார்த்த கேஸ்களை அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். பிறகு தேர்வாளர்கள் மூன்று பேர் எதிரில் உட்காரவைத்துக் குடைவார்கள். தேறினால் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். நான் விண்ணப்பம் போட்ட கையோடு பெயிண்டரைக் கூப்பிட்டு, போர்டில் அந்த நாலு எழுத்தையும் எழுதவைத்து, மேலே காலண்டர் தாளை ஒட்டி மறைத்துவிட்டேன். மாமனாரை வரவழைத்து, அவர் கையாலேயே தாளைக் கிழிக்கவைப்பது என் திட்டம்.

கேஸ்களில் என் துருப்புச்சீட்டு எறையூர் கோவிந்தசாமி. கரும்பு விவசாயி, முப்பத்தைந்து வயது. சின்ன வயதிலிருந்தே இடது கண்ணில் பார்வை மங்கல். கண்ணில் நோய் இல்லை, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிப் பழகிவிட்டது. சோம்பேறிக் கண் என்போம். பிளஸ் நாலரை பவரில் கண்ணாடி கொடுத்து, தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூடிவைத்து இடது கண்ணை வேலைவாங்கச் சொன்னேன். குழந்தைகளுக்குப் பலிக்கும், இந்த வயதில் லேசில் பலிக்காது. எதிர் ஸ்டூடியோக்காரரை விட்டு, வலது கண்ணை மூடிய கோலத்தில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. சீட்டைப் பார்த்தபடியே, கோவிந்தசாமிதானே என்று கேட்டேன். ஆமாங்க என்றார். இருட்டறையில் உட்காரவைத்து இடது கண்ணால் படிக்கச் சொன்னால், கண்ணாடியே இல்லாமல் கடைசி வரிவரை படித்துவிட்டார். பவரைப் பார்த்தேன். பிளஸ் நாலரை பூஜ்யமாகியிருந்தது. பயிற்சியில் பார்வை கூடலாம், பவர் மறையாது. அறிவுள்ளவனுக்கு அந்த இடத்தில் சந்தேகம் வரும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. உலகத்துக் கண் நிபுணர்கள் எல்லாம் என்னைத் தேடிப் பெரம்பலூருக்கு பஸ் ஏறப்போகிறார்கள் என்று நினைத்தேன். இன்னொரு போட்டோ எடுத்து, இரண்டையும் நானே பசை தடவி அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன்.

கல்யாண ரிசப்ஷனுக்கு மாமனார் எடுத்துக்கொடுத்த கோட்டோடு சென்னைக்குப் போனேன். நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர்தான் தலைமைத் தேர்வாளர். இந்த வயதில் இவ்வளவு பவர் மறைய வேண்டுமென்றால் கண்முழியே வளர்ந்திருக்க வேண்டுமே என்று கேட்டார். பயிற்சியின் பலன் என்று கூசாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, போட்டோ இருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"பயிற்சியில இந்த மச்சமும் போயிடுச்சா?"

முதல் போட்டோவில் மோவாயில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மச்சம். இரண்டாவதில் மோவாய் துடைத்துவிட்டது போல இருந்தது. மூக்கு வேறு, காது வேறு. ஒட்டியவனே நான்தான். அந்த நிமிஷம்வரை இரண்டு படத்திலும் இடது கண்ணைத் தவிர வேறெதையும் நான் பார்த்திருக்கவில்லை. ஓரத்தில் இருந்த தேர்வாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல், அடுத்த வருஷம் வரும்போது ஒரே ஆளைப் பற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

மறுநாளே சண்டை போடுவதற்கென்று எறையூர் போனேன். மச்சம் உள்ளவரும் இல்லாதவரும் வாசலில் சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சம் இல்லாதவர் தம்பி முருகேசன். அவர்தான் விளக்கினார்.

"அன்னைக்கு ஆலையிலேருந்து வெட்டு உத்தரவு வந்துருச்சுங்க. கரும்பு வெட்டற ஆளுங்கள வுட்டுட்டு அண்ணன் நவுர முடியல. சீட்ட என்கிட்ட குடுத்தாரு. ரேஷன், சொசைட்டி எல்லாத்துக்கும் அண்ணன் பேருக்கு நான்தானங்க போவேன். தப்பாப் படிச்சா அண்ணனுக்குக் கெட்ட பேராயிருமேன்னு நெதானமாப் படிச்சேன்."

"பாஸாயிட்டோம்னு வந்து சொன்னான்," என்றார் கோவிந்தசாமி பெருமையாக. "அதான் கண்ணாடிய கழட்டிப் பொட்டியில வச்சிட்டேன்."

அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. என் நாலு எழுத்து போனால் போகட்டும். நான் முகத்தைப் பார்க்காத குற்றத்துக்கு, இந்த மனுஷனுடைய கண் மறுபடியும் சோம்பேறியாகிக் கிடந்திருக்கிறது. கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, என் கையாலேயே துடைத்து மாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி செல்வி முழுக்கதையையும் கேட்டுச் சிரித்துவிட்டு, "என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவாச்சும் மூஞ்சியப் பாத்தீங்களா?" என்றாள். பதில் சொல்ல நான் கொஞ்சம் தாமதித்தது தப்பு. அன்றைக்கே அரியலூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம், ஒவ்வொரு முறையும் முதலில் மோவாயைப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் கோவிந்தசாமியின் கண்ணைப் பார்த்தேன். இடது கண் இரண்டே இரண்டு வரி முன்னேறியது. ஆனால் அது அவருடைய சொந்த இரண்டு வரி. தம்பி வந்த கதையையும் மறைக்காமல் எழுதி, வாக்காளர் அட்டை நகலையும் இணைத்து அனுப்பினேன். அதே அம்மாள் அட்டையில் மச்சத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுச் சிரித்தார். நான் ஃபெல்லோ ஆனேன்.

மாமனார் தாளைக் கிழிக்கும் விழா மட்டும் நடக்கவில்லை. தாள் முந்தின ஐப்பசி மழையிலேயே தானாகக் கிழிந்து, பெயிண்டரைக் கூப்பிட்டு எழுத்தை அழித்து, பிறகு மறுபடியும் எழுதும்படி ஆயிற்று. ஆனால் அறிமுகத்தில் 'கடை' போய்விட்டது. இப்போது மாமனார் சொல்வது: "சின்ன மாப்ள கண்ண மட்டும்தான் பாப்பாரு. ஆளப் பாக்கமாட்டாரு."

செல்வியும் விட்டபாடில்லை. இன்றைக்கும் நான் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து நிதானமாகக் கேட்கிறாள்: "வந்துருக்கறது நீங்களா, இல்ல தம்பிய அனுப்பிருக்கீங்களா?"

(எனக்குத் தம்பியே கிடையாது.)