கன்னிவாடி டிவியில் அப்பா

இறந்துபோன அப்பாவை மறுபடியும் இளைக்கவைத்த மகன் ஊருலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் அவருடைய முதல் வருஷத் திதியன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் டிவி முன்னால் உட்காரவைத்து.

அப்பா கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரர். குள்ளம், நல்ல பருமன். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கே பட்டினி கிடந்ததாலோ என்னவோ, தொப்பையைத் தடவிக்கொண்டு, "இது நான் சம்பாரிச்ச சொத்து" என்பார். பேத்துப்பாறையில் நடந்த அக்கா கல்யாணத்திலும் அந்தச் சொத்தோடுதான் நின்றார். அதற்கப்புறம் வந்த மழைக்காலத்தில் வயிற்றில் நோய் கண்டது. கடைசியில் அவர் சட்டைக்குள் இன்னொருவர் நுழைய இடம் இருந்தது.

நான் அப்போது ஒரு ஸ்டுடியோவில் வீடியோ எடிட்டர். (பாதி நேரம் கம்ப்யூட்டரைத் துடைப்பதுதான் வேலை.) புதிதாக வந்த அகலத்திரை காமிராவில்தான் கல்யாணத்தை எடுத்திருந்தேன். "சினிமா மாதிரி இருக்கும்" என்று வீடு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அப்பா படுத்ததும் கேசட்டைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை.

திதி நெருங்கியபோது அம்மாதான் கேட்டாள்.

"கண்ண மூடுனா கட்டில்ல கெடந்த மொகந்தான்யா வருது. அதுக்கு முந்தி இருந்த மொகம் மறந்துபோச்சு. அந்தக் கல்யாணப் படத்தப் போட்டுக் காட்டு தம்பி."

டிவிடி தயாரானது. திதிச் சாப்பாடு முடிந்ததும், முதுகு புடைத்த எங்கள் பழைய டிவி முன்னால் நின்று அகலத்திரையின் பெருமைகளைப் பற்றிச் சிற்றுரை ஆற்றிவிட்டு (யாரும் கேட்கவில்லை) பிளேயரை ஓடவிட்டேன்.

நாதஸ்வரக்காரர் ஒட்டடைக்கம்பு மாதிரி வந்தார். மாப்பிள்ளை பந்தலை முட்டிக்கொண்டு நின்றார். சின்னப் பிள்ளைகள் சிரித்தன. அகலமான படத்தை டிவி இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்து, எல்லோரையும் நெட்டையாக இழுத்துவிட்டிருந்தது.

அப்புறம் அப்பா வந்தார். ஒடுங்கிய கன்னம். குச்சிக் கை. கட்டிலில் கிடந்த அதே அப்பா, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு.

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா எழுந்தாள்.

"கல்யாணத்தன்னைக்கே இப்பிடித்தான் இருந்தாரா? பக்கத்துல நின்ன எனக்குத் தெரியாமப் போச்சே!"

"இல்லம்மா, படம் அகலம், டிவி சதுரம், அதனால அமுங்கி..."

"ஏலே, வாய மூடிக்கிட்டு அதை அமத்துலே" என்றாள் அத்தை, அப்பாவின் தங்கை.

அம்மா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோளாறு எங்கள் பிளேயரில்தான் என்று முடிவுகட்டி, மறுநாள் வெள்ளனே அதே டிவிடியோடு கவுஞ்சிக்கு, அத்தை வீட்டுக்குப் போனேன். அங்கே யாரும் இளைக்கவில்லை. ஆனால் அத்தையின் பிளேயர், படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் காட்டியது. அப்பா எப்போதும் ஓரமாக நிற்கிற மனிதர். சந்தனத் தட்டைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது.

"அண்ணன் எங்கலே?"

"இருக்காரு அத்தை. டிவிக்கு வெளியில நிக்கிறாரு."

அத்தை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வரும் பஸ்ஸில் அழுதேன்.

பிறகு படத்தைச் சுருக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து, வேறொரு டிவிடி போட்டேன். எங்கள் டிவியில் அப்பா அப்பாவாகவே வந்தார். ஆனால் அம்மா அதற்குள் மனசு விட்டுப்போய், கன்னிவாடியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். டிவிடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"வேணாம்யா. இன்னொருக்க அப்பிடிப் பாக்க என்னால ஆகாது."

"இந்த ஒரு தடவை மட்டும்மா."

மாமா வாங்கியிருந்தது புது அகல டிவி என்பது எனக்குத் தெரியாது. அது என் சதுரப் படத்தைத் தன் அகலத்துக்கு இழுத்துப் பரப்பியது. நாதஸ்வரக்காரர் பூசணிக்காய் ஆனார். மாப்பிள்ளைக்குக் கழுத்தே இல்லை. அப்பா வந்தபோது அவருடைய தொப்பை முதலில் வந்தது. நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா போனதிலிருந்து நாங்கள் கேட்காத சிரிப்பு.

"அடப்பாவி மனுசா! சோத்துச் சட்டிய முழுங்கிட்டு நிக்கிறதப் பாரு!"

அம்மா சிரித்துக்கொண்டே போய்த் திரையில் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். தொட்டபிறகுதான் அழுதாள். மாமா ரிமோட்டை எடுத்துப் படத்தைச் சரிசெய்யப் பார்த்தார்.

"அதத் தொடாதண்ணே. இருக்கட்டும்" என்றாள் அம்மா.

பிளேயரில் டிவியின் வகையைச் சொல்ல ஒரு மெனு இருப்பதை வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதைச் சதுர டிவிக்கு மாற்றி, முதல் டிவிடியையே அப்பா அளவாக வரும்படி வீட்டில் போட்டேன். அம்மா கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்காரு" என்றாள். "கன்னிவாடிக்கு எப்பய்யா போவோம்?"

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் பூசினாற்போல் வந்தால், "என்ன, கன்னிவாடி டிவிக்குள்ள போயிட்டு வந்தியா?" என்பார்கள். சில வருஷமாக அந்தக் கேலி முழுக்க என் தொப்பைக்குத்தான். அக்கா ஆரம்பித்தால் பந்தியே சிரிக்கும். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். அப்புறம் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.