மதுரனை வந்து அழைத்துப் போகவும்

வட்டவளை,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

அக்கா மகன் ஜீவராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மா நலம், தங்கச்சி வினோதா நலம். உங்கள் மகன் மதுரனும் நலம், அட்டை கடித்த இடங்களைத் தவிர. வெள்ளவத்தையில் நீங்களும் அத்தையும் சுகம் என்று நம்புகிறேன். போனில் நான் வாயைத் திறந்ததும் கடையில் ஆள் நிற்கிறது என்று நீங்கள் வைத்துவிடுவதால், கடிதமாக எழுத வேண்டியதாயிற்று.

விஷயம் ஒன்றுதான். மதுரனை வந்து அழைத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் பாதையில் காரின் அடி உரசும் என்று இத்தனை வருடம் வராத நீங்கள், போன வாரம் உரசினாலும் பரவாயில்லை என்று வந்தீர்கள். "கொழும்பு மாவட்டத்துல டாக்டர் படிப்புக்கு வெட்டுப்புள்ளி வானத்துல நிக்குதுக்கா, ஒங்க மாவட்டத்துல கைக்கு எட்டுது. இவன் மூணு வருசமா ஒங்க தோட்டத்து லயத்துலதான் இருக்கான்னு கிராம சேவகர்கிட்ட ஒரு கடுதாசி எடுத்துட்டா, நம்ம குடும்பத்துல ஒரு டாக்டரு" என்று பையனையும் பெட்டியையும் இறக்கிவிட்டுப் போனீர்கள். நம்ம குடும்பத்தில் வினோதாவும் இருக்கிறாள், மாமா. அவளுக்கும் அதே பரீட்சை, அதே வருடம், அதே மருத்துவபீடக் கனவு. மாவட்டத்துக்கென்று கிடைப்பதோ சில இடங்கள். அதில் ஒன்றில் உங்கள் மகன் உட்கார்ந்தால் எழுந்து நிற்க வேண்டியவள் யார்? இங்கே வெட்டுப்புள்ளி குறைந்திருப்பது குளிரினாலா? வினோதாவின் பள்ளியில் ஒரு தவணை முழுக்க இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. மழையில் நனைந்து, ரயிலில் தொங்கி, ஹட்டனுக்கு வகுப்புக்குப் போய் வந்தாள். அந்த அநியாயத்துக்குக் கிடைக்கிற சின்ன ஈடுதான் இந்தக் குறைந்த வெட்டுப்புள்ளி. அதையும் கார் போட்டு வந்து எடுத்துக்கொள்வீர்களா? எனக்குப் பல்கலைக்கழகம் வெட்டுப்புள்ளியின் நாலாம் தசமத்தில் கைநழுவிப் போயிற்று. இன்று ஹட்டன் கடையில் பிவிசி குழாய் அளந்து வெட்டிக் கொடுக்கிறேன். என் தங்கச்சி குழாய் அளக்க மாட்டாள்.

அம்மாவிடம் சொன்னால், "எந்தம்பி மொத மொதல்ல ஒண்ணு கேட்டிருக்கான்டா" என்று கண்ணைத் துடைக்கிறார். இப்போது மதுரனுக்குக் கட்டில், வினோதாவுக்குப் படுக்க அடுப்படி.

அவன் வந்த மறுநாள் காலையிலேயே கிராம சேவகர் விசாரிக்க வந்துவிட்டார். இருட்டுக்கும் அட்டைக்கும் பயந்து இரவு முழுக்க வெளியே காலெடுத்து வைக்காத உங்கள் மகன், "மூணு வருசமா இங்கதான் இருக்கேன், சேர்" என்று நீங்கள் பழக்கியபடியே சொன்னான். அடுத்த மூச்சில், "அத்தை, கக்கூஸ் எந்தப் பக்கம்?" என்றான்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லசாமி அண்ணன் விடுவாரா? "மூணு வருசமா அடக்கிக்கிட்டா இருந்த, தம்பி?" லயமே சிரித்தது. கிராம சேவகரும் சிரித்து, பேனாவை மூடிப் பைக்குள் வைத்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். கடுதாசி கிடைக்கவில்லை. நீங்கள் வேறு வழி பார்ப்பதற்குள் சொல்கிறேன்: வேண்டாம். இந்த வாரமே வந்து பையனை அழைத்துப் போங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கடையும் உடம்பும் ஒரு குறையுமில்லாமல் நடக்கட்டும்.

இப்படிக்கு,
ஜீவராஜ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அடுப்படியில் வினோதாவின் குரல் கேட்டது. "இதக்கூடவா கொழும்பு டியூசன்ல சொல்லித் தரல?" எட்டிப் பார்த்தேன். மதுரன் அழுதுகொண்டிருந்தான். "எனக்கு ஒண்ணுமே ஏறல, வினோதா. எந்த மாவட்டத்துல எழுதினாலும் எனக்குக் கெடைக்காது. அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றான். வினோதா என் பக்கம் கையைக் காட்டினாள். "அண்ணே எழுதட்டும். அவருக்குத்தான் வாய் நீளம்."

எழுதிவிட்டேன். புள்ளி கிடைக்காதவன் முகம் எனக்குத் தெரியும், மாமா. செல்லசாமி அண்ணனின், இரண்டு மாதமாக ஓடாமல் கிடந்த ஆட்டோவை நேற்றுப் பழுது பார்த்துக் கிளப்பிக் கொடுத்தவன் இவன்தான் என்பதும் உங்களுக்குத் தெரியட்டும். மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் அவனை அழைத்துப் போக இப்போது வர வேண்டாம். உங்கள் கோபம் ஆறட்டும். யார் வந்து கேட்டாலும் நானே சொல்கிறேன், அவன் ஒரு வாரமாக இங்கேதான் இருக்கிறான் என்று.