ஆற்றை மூடிவிட்டார்கள்

மணிக்கூண்டு இருக்க வேண்டிய இடத்தில் செல்போன் கடை இருந்தது. டெய்லர் மாஸ்டர் அதை மேலும் கீழும் பார்த்தார். எதிர் நடைபாதைக்குப் போய் அங்கிருந்தும் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் அது செல்போன் கடையாகவே இருந்தது.

"எங்கங்க மணிக்கூண்டு?" என்றாள் மனைவி.

"இடிச்சுட்டாங்க போல."

அந்த ஒரு வார்த்தையில்தான் வினை ஆரம்பித்தது.

கல்யாணமான மறு மாதமே சீருடை தைக்கும் கம்பெனி வேலைக்கென்று கடல் தாண்டி வந்தவர் மாஸ்டர். நாலு வருஷம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியின் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். அந்த வீட்டில் ஆறேழு பேர் சுற்றி நின்று காது கொடுப்பார்கள். புதுப் பெண்டாட்டியிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. அதனால் வேலை பார்த்த ஊரைப் பற்றிப் பேசினார். மணிக்கூண்டுக்கு இடப்பக்கம் திரும்பினால் ஆறு, ஆற்றுக்கு இறங்கக் கல்படிகள், சாயங்காலம் அதில்தான் உட்கார்ந்திருப்பேன், நான் தங்கியிருக்கிற அறைக்குக் கீழே ஒரு சலூன், சலூன்காரர் ரொம்ப நல்ல மனுஷர் என்று வாராவாரம் சொன்னார். அவளும் கேட்டுக் கேட்டு ஊரை மனப்பாடம் செய்துவிட்டாள். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது மனசு அங்கே அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருக்கும்.

முப்பது வருஷம் கழித்து, இந்த நாட்டில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க வந்த இடத்தில், அந்த ஊரை ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்டாள். அதற்கென்ன, கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் என்று ரயிலேற்றிக் கூட்டி வந்திருந்தார். ஸ்டேஷனே அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. தெரிந்த இடம் போலவே நடந்தார்.

"சரி, போனது போகட்டும். இடப்பக்கம் திரும்பினா ஆறு" என்று அவளே முன்னால் நடந்தாள்.

இடப்பக்கம் திரும்பினால் கார் நிறுத்துமிடம் இருந்தது.

"ஆத்தை மூடிட்டாங்க" என்றார் மாஸ்டர்.

"ஆத்தையுமா?"

"வளர்ற ஊரு பாரு. இடம் வேணும்ல."

அப்படியானால் தண்ணீர் எங்கே போயிற்று என்று அவள் கேட்டாள். குழாய் போட்டு வேறு பக்கம் திருப்பிவிட்டதாகச் சொன்னார். எந்தப் பக்கம் என்றாள். கையை ஒரு திசையில் காட்டினார். அந்தத் திசையில் ஒரு மேடு இருந்தது. தண்ணீர் மேட்டில் ஏறுமா என்று அவள் கேட்கவில்லை. பார்வையிலேயே கேட்டாள்.

இனி எதையாவது ஒன்றை உருப்படியாகக் காட்டியாக வேண்டும். கண்ணில் பட்ட நாலு மாடிக் கட்டடத்தைக் காட்டி, இதுதான் என் கம்பெனி, இரண்டாவது மாடி ஜன்னலோரம் என் மிஷின் என்றார். வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. அவள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அது பல் ஆஸ்பத்திரி. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் மாஸ்டர் துருப்பிடித்துப் போன அந்த ஊர் பாஷையில், ரொம்ப வருஷமாக இங்கே, மேலே, எனக்கு, என்று வாயைத் திறந்து விரலால் மேலே காட்டினார். மாடியைத்தான் காட்டினார். அந்தப் பெண் அவருடைய மேல்வரிசைப் பற்களைப் பார்த்தாள். இவ்வளவு வருஷம் எப்படிப் பொறுத்தீர்கள் என்று பரிதாபப்பட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் சாய்த்துவிட்டாள். டாக்டரும் தேடினார். மாஸ்டரின் போதாத காலம், கடைவாயில் ஒரு பல் நிஜமாகவே ஆடிக்கொண்டிருந்தது.

கன்னத்தில் பஞ்சோடு வெளியே வந்தவர் மரத்துப்போன வாயால், "கம்பெனி கைமாறிடுச்சு" என்றார்.

மனைவி சிரிக்கவில்லை. தெருவோரப் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நாலு வருஷம் இந்த ஊரை நான் கரிச்சுக் கொட்டாத நாள் இல்லை. கட்டின புருஷனைப் பிடிச்சு வெச்சுக்கிட்ட ஊராச்சே. அதே சமயம் பைத்தியக்காரி மாதிரி ஆசையும் பட்டேன். நேர்ல பார்த்தா மனசு ஆறிடும்னு வந்தேன்." அவர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு கேக்கறேன். நீங்க நிஜமாவே இங்கதான் இருந்தீங்களா?"

பல்லைப் பிடுங்கியபோது வலிக்காதது இப்போது வலித்தது. அந்த வருஷங்களில் அவளை நினைத்து அழுததைத்தான் அவர் படிக்கட்டு என்றும் ஆறு என்றும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு என்ன சாட்சி காட்டுவது? ஊரே அவரைக் கைவிட்டுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தார். எதிரே ஒரு சலூன். உள்ளே தனியாக ஒரு கிழவர் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் ஒரே ஓட்டமாக ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார். "நான்தான், மாடி ரூம் டெய்லர், தெரியலையா?" என்று அந்தப் பாஷையில் குழறினார். கிழவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவரும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். விடவே இல்லை.

வாசலில் நின்ற மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

கிழவர் நிறையப் பேசினார். பந்து விளையாடும்போது உடைந்த முழங்கால் சரியாகிவிட்டதா என்று விசாரித்தார். மாஸ்டர் ஜென்மத்தில் பந்தைத் தொட்டதில்லை. வயசாகிவிட்டது, பாவம், குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டு மனைவிக்கு வேறு மாதிரி மொழிபெயர்த்தார். "எப்பவும் உன் பேச்சைத்தான் பேசிட்டிருப்பேனாம். சொல்றாரு."

அவள் கிட்டே வந்து கிழவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இவர் தனியா கிடந்தப்ப நீங்கதான் துணையா இருந்தீங்க அண்ணே. நான் இல்லாத குறையை நீங்க தீர்த்தீங்க" என்றாள் தமிழில். கிழவர் மாஸ்டரைப் பார்த்து அர்த்தம் கேட்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அவர் கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு ஸ்டேஷனுக்கு நடந்தார். அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டார். பாஷை தெரியாத இரண்டு பேரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். பின்னால் வந்த மாஸ்டருக்கு, தான் பட்ட கஷ்டத்துக்கெல்லாம் யாரோ கூலி கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. ஊர் போனால் என்ன, சாட்சி இருக்கிறதே.

"நல்ல ஊருங்க. இனிமே நான் இதைத் திட்ட மாட்டேன்" என்றாள் மனைவி.

மாஸ்டர் திரும்பிப் போகிற டிக்கெட்டை நீட்டினார். வாசலில் இருந்த பரிசோதகர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன்மையாகவே சொன்னார்.

"இதை வெச்சு இங்க ஏற முடியாதுங்க ஐயா. உங்க ஊரு அடுத்த ஸ்டேஷன். நீங்க இன்னும் அங்க போய்ச் சேரவே இல்லை."