விருந்தாளி டப்பா

“சர்க்கரை இல்லைங்க,” என்றாள் மனைவி.

பெயிண்டருக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. உணவுக் கார்டு ஆபீஸிலிருந்து ஆள் வரப்போகிற நேரத்தில், வீட்டில் சர்க்கரை இல்லாமல் இருப்பதைவிட நல்ல ஏற்பாடு வேறு என்ன வேண்டும்?

“ரொம்ப நல்லதாப் போச்சு. டீத்தூளையும் எங்கயாவது ஒளிச்சு வை.”

“வீடு தேடி வர்றவங்களுக்கு ஒரு வாய் டீகூடக் கொடுக்காம அனுப்பறதா? என்னால முடியாதுப்பா.”

“அவங்க விருந்துக்கா வர்றாங்க? இங்க சாப்பாட்டுக்கு வழி இருக்கா இல்லையான்னு பார்க்க வர்றாங்க!”

“பார்க்கட்டும். டீயைக் குடிச்சிட்டுப் பார்க்கட்டும்.”

டம்ளரை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். துரத்திப் பிடிக்க அவரால் முடியாது. ஏணியிலிருந்து விழுந்ததில் கால் உடைந்து, தொடைவரை மாவுக்கட்டோடு அவர் நாற்காலிக்கே சொந்தமாகிவிட்டார். வேலையும் போயிற்று. கார்டில் கிடைக்கும் மாவும் பருப்பும் எண்ணெயும்தான் இரண்டு பிள்ளைகளின் வயிற்றையும் காப்பாற்றிக்கொண்டிருந்தன. அந்தக் கார்டைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று பார்க்கத்தான் இன்றைக்கு ஆள் வருகிறது.

டம்ளரோடு போனவள் டம்ளரோடும் ஒரு டப்பாவோடும் திரும்பினாள்.

அந்த நீலத் தகர டப்பாவைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு அக்காவுக்குப் பேக்கரியில் வேலை. டப்பாவில் எப்போதும் பிஸ்கட் இருக்கும். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் கேட்டால் கொடுப்பாள். ஒரே ஒரு சட்டம்தான்: விருந்தாளி சாப்பிடலாம், வீட்டுக்காரர்கள் கை வைக்கக் கூடாது.

“சர்க்கரைதான் கேட்டேன். ஆபீசர் வர்றாங்கன்னதும் இதையும் கையில திணிச்சுட்டாங்க.”

“பிஸ்கட்டைக் காட்டிக் கார்டு கேட்கப் போறோமா? உருப்பட்ட மாதிரிதான்! முதல்ல திருப்பிக் கொடுத்துட்டு வா!”

அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஒளித்து வைக்க வீட்டில் இடமா இருக்கிறது? இருப்பதே ஓர் அறை, ஒரு சமையலறை. “இங்க கொண்டா!” என்று பெயிண்டர் டப்பாவைப் பிடுங்கித் தரையில் வைத்தார். அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு, துண்டின்மேல் மாவுக்கட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

வந்தவள் இளம்பெண். தோளில் ஆபீஸ் பை, கழுத்தில் அடையாள அட்டை, மடிப்புக் கலையாத சட்டை. வாசலில் கழற்றிவிட்ட செருப்பு மட்டும் இரண்டு இடத்தில் தைத்திருந்தது.

“கால் எப்படிண்ணா இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு மேடம்,” என்று பாவமாகக் காலை அசைத்துக் காட்டினார். டப்பா கடகடவென்றது.

“என்ன சத்தம்?”

“எலும்பு மேடம். இன்னும் சேரலை.”

அவள் குனிந்து காது கொடுத்தாள். “எலும்புல இப்படியா சத்தம் வரும்?”

கேட்ட குரலில் அதட்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தது. பெயிண்டருக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அதட்டினால் அழுது காட்டலாம், ஆசையாகக் கேட்பவளிடம் என்ன செய்வது?

டீயோடு வந்த மனைவியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “பிஸ்கட் டப்பாங்க. உங்களுக்காகத்தான்.”

“எனக்காகவா வாங்கினீங்க?”

ஆமாம் என்றால் கையில் காசு புரளுகிறது என்று நினைத்துவிடுவாளே! பெயிண்டர் குறுக்கே பாய்ந்தார். “சேச்சே, உங்களுக்குன்னு வாங்கலை மேடம். எப்பவும் வீட்டுல இருக்கறதுதான்!”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது உறைத்தது. மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அதாவது மேடம், எப்பவும் இருக்கும். ஆனா நாங்க தொட மாட்டோம்.”

“ஏன்?”

“எங்களுக்குப் பிஸ்கட்டே பிடிக்காது.”

“பிள்ளைங்களுக்குமா?”

“அதுங்களுக்குச் சுத்தமாப் பிடிக்காது.”

அந்தப் பெண் அவர் காலை இரண்டு கையாலும் பதமாகத் தூக்கி நகர்த்தி, டப்பாவை வெளியே எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போச்சு, சாட்சி கையில் சிக்கிவிட்டது என்று பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மனைவி அவசரமாக வாங்கி மூடியைத் திறக்கப் பார்த்தாள், வரவில்லை. பெயிண்டர் முக்கி முனகிப் பார்த்தார், அசையவில்லை. கால் பாரத்தில் நன்றாக இறுகிவிட்டிருந்தது. அந்தப் பெண் டீ கலக்கிய கரண்டியை எடுத்து, மூடியில் ஒடுங்கியிருந்த ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். மூடி சொன்னபடி கேட்டது.

“எப்படி மேடம்!”

“இந்தப் பக்கம் தட்டணும்ணா,” என்றாள் சாதாரணமாக.

ஆபீஸில் இதற்கெல்லாம்கூடப் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது.

ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். பாதியை உடைத்துச் சாப்பிட்டுவிட்டு, மீதிப் பாதியைப் பத்திரமாக டப்பாவிலேயே வைத்து மூடினாள். பிறகு சமையலறைக்குப் போய் மாவு டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, இந்தத் தடவை மாவுல வண்டு இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க. சலிச்சுட்டேன்.”

“வெயில்லயும் காய வைங்க. சரி, எண்ணெய் மாசக் கடைசி வரைக்கும் வராதே, என்ன பண்றீங்க?”

“வெங்காயம் வதக்கும்போது பாதி எண்ணெய், பாதி தண்ணி. ஒட்டாம வரும்.”

“ஓ... தண்ணியா?” என்று அவள் தலையாட்டிக்கொண்டாள். பேனாவை எடுக்கவே இல்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “கார்டு தொடரும்க்கா. நிறுத்த ஒண்ணுமில்லைன்னு எழுதிடறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பெயிண்டருக்கோ மண்டை குடைந்தது.

“டப்பா நிறைய பிஸ்கட்டைப் பார்த்துட்டு எப்படிடி எழுதுவா? கூப்பிட்டுக் கேட்டுடவா?”

“வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருங்க! கிடைச்சது போதாதா?”

“என் காலைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பாளோ?”

“உங்க எலும்புச் சத்தத்தைக் கேட்டு இரக்கப்பட்டிருப்பா.”

சாயங்காலம் வரை அவர் அதையே அரைத்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு உதைத்தது. அப்போது எதிர்வீட்டு அக்கா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“டப்பாவைச் சீக்கிரம் கொடும்மா, ஆள் காத்துக்கிட்டிருக்கு.”

“அதுக்குள்ளயா? யார் வீட்டுக்குக்கா?”

“காலையில இங்க வந்துட்டுப் போனாளே, பின்தெருப் பொண்ணு, அவளுக்குத்தான், அவளோட கார்டைத் தொடரலாமா வேண்டாமான்னு பார்க்க நாளைக்கு ஆபீசர் வர்றாராம்!”