ஃபிஜிக்காரனின் முழங்கால்

"ஜோனே அண்ணை வந்தால் ஜெயசுதன் அண்ணை எங்கை விளையாடுவார், அப்பா?" என்று நோர்மனின் மகள் ஷரோன் முன்பொருநாள் கேட்டாள்.

"வெளியிலை நிண்டு தண்ணிப் போத்தல் குடுப்பார்" என்றார் நோர்மன்.

மானிப்பாயின் புதிய றக்பிக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். கனடாவிலுள்ள ஊரார் அனுப்பிய நன்கொடை முழுவதையும் போட்டு, ஃபிஜியிலிருந்து ஜோனேயை ஒப்பந்தம் செய்தவரும் அவர்தான். கோப்பை வராவிட்டால் கழகத்தையே கலைத்துவிடுவது என்று தலைவர் கந்தப்பு கூட்டத்தில் சொல்லியிருந்தார்.

இறுதியாட்டத்தன்று காலையில் அந்த ஜோனே கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக் கிடந்து முனகினான்.

"முழங்கால்... எழும்ப முடியவில்லை" என்றான் ஆங்கிலத்தில்.

"கர்த்தரே!" என்றபடி நோர்மன் தைலத்தை எடுத்து வலது முழங்காலில் உரஞ்சினார். ஜோனே அலறினான். அலறி முடித்ததும் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ, நோவு மற்றக் காலுக்கும் பாய்ஞ்சிட்டுது!" என்றார் நோர்மன்.

"ஐஸ் வையுங்கோ" என்றார் அங்கு வந்த கந்தப்பு.

மோட்டார் சைக்கிள் கொழும்புத்துறைக்குப் பறந்தது. மீன் வாடியிலிருந்து வந்த ஐஸில் செதிலும் இருந்தது. சற்று நேரத்தில் ஜோனேக்குக் கால் விறைத்து, தும்மலும் பிடித்துக்கொண்டது. அயலட்டைப் பூனைகள் கட்டிலைச் சுற்றி வந்தன.

"கனடாக் காசு தும்முது, நோர்மன்!" என்றார் கந்தப்பு.

"நக்கலை விடுங்கோ, அண்ணை. பத்மாசினி டொக்டரிட்டைக் கொண்டு போவம். முறிவு நெரிவுக்கு அவதான் திறம்."

சித்த வைத்தியர் பத்மாசினி, நோயாளியோடு தனியாகக் கதைக்க வேண்டுமென்று கதவைச் சாத்தினார். நோர்மன் வெளியில் செபித்தபடி நடந்தார். கதவு திறந்தபோது, தொடையிலிருந்து கணுக்கால் வரை மூலிகைப் பற்றுப் போட்டு, மூங்கில் சிலாகை வைத்து, துணி சுற்றியிருந்தது. கால் வேலிக் கம்பம் போல நீட்டிக்கொண்டு நின்றது.

"டொக்டர், பின்னேரம் மட்ச்!"

"உந்தக் காலை மடக்கவே ஏலாது. பிறகெப்பிடி ஓடுறது?"

நோர்மன் தலையில் கைவைத்தார். "இனி ஆரை இறக்கிறது?"

"வேறை ஆர்? தண்ணிப் போத்தல்காரனைத்தான்" என்றார் கந்தப்பு.

மைதானத்து ஓரத்தில் ஜெயசுதன் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீதான் இறங்க வேணும்" என்றார் நோர்மன்.

"அப்ப தண்ணி ஆர் குடுக்கிறது, அண்ணை?"

நோர்மன் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

புதிய வீரர் தேடிக் கொழும்பிலிருந்து ஒரு பயிற்றுநரும் வந்திருந்தார். ஆட்டம் முடியப்போகும் நேரத்திலும் மானிப்பாய் பின்தங்கியே நின்றது. கழகம் கலையப்போகிறது என்று நினைத்தபடி நோர்மன் ஒரு போத்தலின் மூடியைத் திறந்தார். அப்போது ஜெயசுதன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாகப் பாய்ந்தான். இரண்டு பேர் அவன் இடுப்பில் தொங்கினார்கள்.

"விடாதை! விடாதை!" என்று கத்திய நோர்மன், கையிலிருந்த தண்ணீரைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டார்.

இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்த ஜெயசுதன், பந்தைத் தரையில் அழுத்தினான். அந்தப் புள்ளிகளால் கோப்பை மானிப்பாய்க்கு வந்தது. கொழும்புப் பயிற்றுநர் அவனைத் தேடி வந்து கைகொடுத்து, தங்கள் அணிக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார்.

மாலையில் நோர்மன் பத்மாசினியிடம் போனார்.

"பாவம் ஜோனே. அந்தக் கட்டை எப்ப அவிழ்க்கலாம், டொக்டர்?"

"இப்பவே அவிழ்க்கலாம்."

"என்ன சொல்லுறியள்?"

"காலுக்கு ஒண்டும் இல்லை, அண்ணை. அவர் வந்திறங்கின அண்டு நீங்கள் எல்லாரும் மாலை போட்டுப் படம் எடுத்திட்டுப் போன பிறகு அவர் காய்ச்சலிலை கிடந்தவராம். கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து பக்கத்திலை இருந்தது ஜெயசுதன் மட்டும்தானாம். அதுதான் அவனுக்கு இடம் விட, பெரிசாக் கட்டிவிடச் சொல்லிக் கேட்டவர். அந்தப் பொடியனுக்கு மட்டும் தெரியக்கூடாதாம்."